படித்தது நுண்ணுயிரியல், மனம் தையலில்: லாகோஸ் இளம்பெண்ணுக்கு என்ன சொல்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். லாகோஸுக்கு அருகே ஓர் உணவுப்பொருள் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைக் கவனித்துவருகிறீர்கள். நைஜீரிய அரசின் தேசிய இளைஞர் பணித் திட்டத்தின்கீழ் ஓராண்டுக்கு உங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கும் இளம்பெண் நுண்ணுயிரியல் பட்டதாரி. வயது 25. கிழக்கு நைஜீரியாவின் இக்போ இனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பணியாண்டு முடிய இன்னும் 5 மாதங்கள் இருக்கின்றன. அவர் மனமெல்லாம் ஆடை வடிவமைத்துத் தைப்பதில் இருக்கிறது. தந்தையோ முதுநிலைப் படிப்பு, இயன்றால் பிரிட்டன் என்கிறார். என்ன செய்யலாம் என்று அந்தப் பெண் உங்களைக் கேட்க, என்ன சொல்லலாம் என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தையலுக்குப் போ என்றோ போகாதே என்றோ அவரிடம் சொல்லாதீர்கள். அந்தத் தொழில் அவருக்குச் சோறு போடத் தொடங்கும் வரை ஆகும் செலவை யார் ஏற்பது, எத்தனை மாதங்களுக்கு ஏற்பது, அந்தக் காலத்தில் யாரிடம் கற்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் அவரிடம் விடை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவர் துணிந்து இறங்கலாம். இல்லையென்றால் அவற்றைத் தேடிக்கொள்ளும் வரை ஆய்வக வேலையை விடக்கூடாது. லாகோஸிலும் கிழக்கு நைஜீரிய நகரமான அபாவிலும் ஆலைகளுக்கு ஆளெடுத்துப் பயிற்றுவிக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் நான். விரும்பிய தொழிலில் இறங்கி நன்றாக வாழ்பவர்களையும், இறங்கி நொடித்துப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கிடையே திறமையில் பெரிய வேறுபாடு தெரிந்ததில்லை. இந்த மூன்று கேள்விகளையும் முன்கூட்டியே யோசித்திருந்தார்களா என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது.

தந்தையின் அச்சத்தை எடுத்தவுடன் பழைமை என்று தள்ளிவிட வேண்டாம். நைஜீரியாவில் பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கே ஜாம்ப் என்ற சேர்க்கை வாரியம் 400 மதிப்பெண்ணுக்கு நடத்தும் தேர்வை எழுத வேண்டும். ஆண்டுதோறும் 15 லட்சம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள், அவர்களில் பெரும்பகுதியினருக்கு இடம் கிடைப்பதில்லை. மருத்துவம் கேட்டு விண்ணப்பித்து மதிப்பெண் போதாதவர்களுக்கு நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ விலங்கியலோ கொடுக்கப்படுவது வழக்கம். ஆகவே அந்தப் பெண் நுண்ணுயிரியலை விரும்பித் தேர்ந்தெடுத்தாரா, அது அவர் தலையில் விழுந்ததா என்பதையும் கேட்டுப்பாருங்கள். உங்கள் ஆலோசனையின் தொனியே அதனால் மாறும். இடம் கிடைத்த பிறகும் படிப்பு ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் வேலைநிறுத்தம் 2020இல் ஏறத்தாழ 9 மாதங்களும், 2022இல் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை 8 மாதங்களும் நீடித்தது. அவர் வயதை வைத்துப் பார்த்தால் இவற்றில் ஒன்றேனும் அவர் படிப்பின் நடுவே வந்திருக்கும். பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் இதையெல்லாம் தாங்கி மகளைப் பட்டதாரியாக்கிய ஒருவர், அந்தப் பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு ஊசியும் நூலும் எடுக்கப்போகிறேன் என்று மகள் சொல்லும்போது கலங்குவது இயல்பு.

மகளின் பக்கத்துக்கும் நைஜீரியாவிலேயே வலுவான முன்னுதாரணங்கள் உண்டு. அங்கே எல்லாரும் அறிந்த மூன்று பெயர்களைச் சொல்கிறேன். மூவரும் மருத்துவத்துக்கென்று அனுப்பப்பட்டவர்கள். நாவலாசிரியர் சினுவா அச்சிபி 1948இல் இபாடன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் படிக்க உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். ஓராண்டுக்குப் பின் ஆங்கிலம், வரலாறு, சமயம் ஆகியவற்றுக்கு மாறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். இசைக்கலைஞர் ஃபெலா குட்டி 1958இல் மருத்துவம் படிக்க லண்டனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே டிரினிட்டி இசைக் கல்லூரியில் சேர்ந்துகொண்டார். எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி சுக்கா நகரிலுள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் ஒன்றரை ஆண்டு மருத்துவமும் மருந்தியலும் படித்துவிட்டு, 19 வயதில் அமெரிக்காவுக்குப் போய்த் தகவல்தொடர்பியலில் சேர்ந்தார்.

இந்த மூன்று வரலாறுகளையும் இளைஞர்கள் துணிவின் கதைகளாக மட்டுமே கேட்டுவைத்திருக்கிறார்கள். செலவு எப்படிச் சமாளிக்கப்பட்டது என்ற பகுதி அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை. அச்சிபி உதவித்தொகையை இழந்தபோது அரசு நிதியுதவி ஒன்று கிடைத்தது. அரசுப் பணியில் இருந்த அண்ணன் அகஸ்டின், விடுமுறையில் ஊருக்குப் போவதற்கு வைத்திருந்த பணத்தைத் தம்பியின் படிப்புக்குக் கொடுத்தார். அடிச்சிக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் உதவித்தொகை இருந்தது. பின்னர் அங்கே மருத்துவராக இருந்த அக்காவின் அருகில் வாழும்படி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொண்டார். ஃபெலாவுக்கு அபியோகுட்டா நகரில் செல்வாக்குள்ள கல்விக் குடும்பம் பின்னால் நின்றது. சகோதரர்கள் ஒலிகோயி, பெக்கோ இருவரும் மருத்துவர்களானார்கள், அவர்களில் ஒலிகோயி பிற்காலத்தில் நாட்டின் சுகாதார அமைச்சராகவும் இருந்தார். அதோடு ஃபெலா மருத்துவத்தை விட்டவுடன் நேரே மேடை ஏறிவிடவில்லை. இசைக் கல்லூரியில் முறையாகப் பயின்றார். உங்கள் இளம்பெண்ணுக்கு இந்தப் பெயர்களைச் சொல்வதானால் முழுக் கதையாகச் சொல்லுங்கள். அவருக்கு ஓர் அகஸ்டின் இருக்கிறாரா என்பதை அவர் யோசிக்கட்டும்.

வேலைச் சந்தையைப் பற்றியும் தெளிவு வேண்டும். நைஜீரியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2020ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் வேலையின்மை 33.3 விழுக்காடு என்றது. 2023இல் அதே அலுவலகம் 4 முதல் 5 விழுக்காடு என்றது. இடையில் நாடு செழித்துவிடவில்லை, கணக்கிடும் முறை மாறியது. முன்பு வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் வேலையற்றவர். இப்போது ஒரு மணி நேரம் கூலிக்கோ வருவாய்க்கோ உழைத்தாலே வேலையில் இருப்பவர். புதிய கணக்கில் நான் முக்கியமாகக் கருதுவது வேறோர் எண்: வேலையில் இருப்போரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முறைசாராத் துறையில் இருக்கிறார்கள். மாதச் சம்பளம், ஓய்வூதியக் கணக்கு, நியமனக் கடிதம் இவற்றோடு கூடிய வேலைதான் அந்த நாட்டில் அரிது. தந்தை 'நிலையான வேலை' என்று நினைப்பது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. மகள் 'சொந்தத் தொழில்' என்று நினைப்பதைப் பெரும்பான்மையோர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களில் மிகப் பலர் வறுமையில் இருந்துகொண்டே செய்கிறார்கள். அந்தப் பெரும்பான்மையிலிருந்து எழுந்து நிற்கும் அளவுக்குத் திறமை உடையவராக ஆவது எப்படி என்பதைத்தான் அவர் இனி யோசிக்க வேண்டும்.

அதற்கான வழியை வெளிநாட்டு மேலாண்மை நூல்களில் தேட வேண்டியதில்லை. அவருடைய இக்போ சமூகத்திலேயே அது இருக்கிறது. ஒரு சிறுவன் பள்ளிப் படிப்பு முடித்தோ முடிக்காமலோ ஒரு வணிகரின் வீட்டில் சேர்கிறான். அந்த முதலாளியை 'ஓகா' என்பார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை சம்பளமின்றி அவர் கடையில் உழைக்கிறான். உணவும் இருப்பிடமும் அவர் பொறுப்பு. சரக்கு எங்கே மலிவு, எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கக்கூடாது, சந்தை படுத்துவிட்டால் எப்படித் தாங்குவது என்பதெல்லாம் அந்த ஆண்டுகளில் படிகின்றன. காலம் முடிந்ததும் ஓகா அவனுக்கு முதலும் சரக்கும் கொடுத்துத் தனிக் கடை வைத்துத் தருகிறார். இதை 'செட்டில்மென்ட்' என்கிறார்கள். லாகோஸின் அலபா மின்பொருள் சந்தை, லடிப்போ உதிரிபாகச் சந்தை, ஓனிட்சா, அபா, நெவி ஆகிய ஊர்களின் வணிகம் இவற்றில் பெரும்பகுதி இந்த முறையில் வளர்ந்தது. 1970இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, தனிநாடாகப் பிரிய முயன்று தோற்ற கிழக்குப் பகுதியான பயாஃப்ராவில் வங்கிக் கணக்கு வைத்திருந்தோருக்குப் போட்டுவைத்த தொகை எவ்வளவாக இருந்தாலும் 20 பவுண்டுதான் திருப்பித் தரப்பட்டது. அங்கிருந்து ஒரு சமூகம் எழுந்து நின்றதில் இந்தப் பயிற்சிமுறைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

நான் தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் இந்த முறையில் விடை இருப்பதைக் கவனியுங்கள். செலவை ஓகா ஏற்கிறார். காலம் முன்பே பேசி முடிக்கப்படுகிறது. கற்பிப்பவர் தாமே அந்தத் தொழிலில் வென்று காட்டியவர். குறைகளும் கொடியவை. ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே இருப்பதால், கடை வைத்துத் தரவேண்டிய காலம் நெருங்கும்போது திருட்டுப்பழி சுமத்தி விரட்டும் ஓகாக்கள் உண்டு. மேலும் இது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கான வழியாகவே இருந்துவந்திருக்கிறது. தையல், சிகையலங்காரம் போன்ற தொழில்களில் பெண்கள் தொழிற்பயிற்சிக்குச் சேர்வது வேறு விதமானது: அங்கே பயிலுநர் கட்டணம் செலுத்திச் சேர்கிறார், ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை பயில்கிறார், முடிவில் 'ஃப்ரீடம்' என்ற சடங்கு நடத்தி, உற்றார் முன்னிலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள், முதல் கிடைப்பதில்லை. 25 வயதுப் பட்டதாரி ஒருவர் இதில் மூன்றாண்டு இருக்க முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் ஆறு மாதமோ ஓராண்டோ ஒரு கைதேர்ந்த தையற்காரரின் பட்டறையில் தரையைப் பெருக்குவது முதல் வெட்டும் மேசை வரை இருந்து பழகாமல், காணொளிகளைப் பார்த்தும் சில வார வகுப்புகளுக்குப் போயும் கடை திறப்பவர்கள், 'அக்பாடா' என்ற அகன்ற மேலங்கியை முதன்முதலில் தைக்கும்போதே அதன் கழுத்து வளைவில் வாடிக்கையாளரை இழந்துவிடுகிறார்கள்.

இனி அவர் தேர்ந்திருக்கும் தொழிலைப் பார்ப்போம். லாகோஸில் துணிக்குப் பஞ்சமில்லை, விழாவுக்கும் பஞ்சமில்லை. திருமணமோ இறுதிச்சடங்கோ ஐம்பதாம் பிறந்தநாளோ எதுவானாலும், உறவினரும் நண்பரும் ஒரே துணியில் ஆடை தைத்து அணிந்து வரும் 'அசோ எபி' வழக்கம் இருப்பதால், ஒரு குடும்பத்தின் அழைப்பிதழ் பல தையற்காரர்களுக்கு வேலை. கிழக்கே இக்போ மணவீடுகளிலும் டெல்டா பகுதியிலும் மதிப்போடு உடுத்தப்படும் 'ஜார்ஜ்' துணி, சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டை வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர் பெற்றது என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், மகிழ்வார். ஈஸ்டர், இரு ஈத் பெருநாட்கள், டிசம்பர் ஆகிய காலங்களில் வேலை குவியும். ஜனவரியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிவரும். டிசம்பரில் சம்பாதித்ததை மார்ச் வரை நீட்டத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் கடனாளிகளாகிறார்கள்.

மின்சாரம் தனிக் கதை. நாளுக்கு 20 மணி நேரம் மின்சாரம் தருவதாகச் சொல்லும் 'பேண்ட் ஏ' பகுதிகளில் 2024 ஏப்ரலில் ஒரு யூனிட் 225 நைராவாக உயர்த்தப்பட்டது. அதற்குமுன் 70 நைராவுக்கும் குறைவு. மற்றப் பகுதிகளில் ஜெனரேட்டரை நம்ப வேண்டும். 2023 மே மாதம் மானியம் நீக்கப்படும் முன் லிட்டர் 200 நைராவுக்குக் கீழே இருந்த பெட்ரோல், 2024 முடிவதற்குள் 1,000 நைரா அளவுக்குப் போய்விட்டது. தையற்பொறியைவிட இஸ்திரிப்பெட்டிதான் அதிக மின்சாரம் தின்னும். ஆகவே அவர் முதலில் வாங்க வேண்டியது காலால் மிதிக்கும் பொறியா, மோட்டார் பொறியா, மின்சாரம் உள்ள நேரத்தில் மட்டும் மொத்தமாக இஸ்திரி போடும்படி வேலையை எப்படிப் பிரிப்பது என்பவற்றை ஏற்கெனவே நடக்கும் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு சட்டைக்கு நூல், ஒட்டுத்துணி, பொத்தான், மின்சாரம், கடை வாடகை, தம் உழைப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கூலி எவ்வளவு வைக்க வேண்டும் என்பதைத் தாமே எழுதிக் கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் நாள்தோறும் அளவுகளைப் பதிவுசெய்து பழகிய கை அது. பெரும்பாலான தையற்காரர்கள் செய்யாத இந்தக் கணக்கு அவருக்கு எளிதில் வரும்.

அந்தத் தொழிலில் ஓர் இடைவெளி திறந்தே கிடக்கிறது. லாகோஸில் யாரைக் கேட்டாலும், தையற்காரர் சொன்ன நாளில் துணி தரவில்லை, திருமணத்தன்று காலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார் என்று ஒரு குறையாவது சொல்வார்கள். தேதி தவறாதவர் என்ற பெயரை முதல் ஆண்டிலேயே சம்பாதித்தால், வடிவமைப்பில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கும் தெருவிலும் வாடிக்கையாளர்கள் அவரைத் தேடி வருவார்கள். மேல்தட்டிலும் வழி இருக்கிறது. சட்டம் படித்த லிசா ஃபொலாவியோ 2005இல் வீட்டிலிருந்தபடியே 'அன்காரா' எனப்படும் வண்ண அச்சுப் பருத்தித் துணியில் மணிவேலைப்பாடு செய்யத் தொடங்கி, உலக நகரங்களில் விற்கும் நிலைக்கு வந்தார்; 2011இல் தொடங்கிய லாகோஸ் ஃபேஷன் வீக் அங்கே பல பெயர்களை வெளியே கொண்டுவந்தது. ஆனால் இந்த உயரத்தை முதல் மூன்று ஆண்டுகளுக்கு அவர் மனத்திலிருந்து தள்ளிவைப்பது நல்லது. அயலார் ஒருவர் முழுக் கூலி கொடுத்து இரண்டாம் முறை திரும்பி வருகிறாரா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளட்டும். தோழிகளும் சித்திமாரும் கொடுக்கும் வேலை கணக்கில் வராது.

மீதமுள்ள ஐந்து மாதங்களுக்கு வருகிறேன். போருக்குப் பின் 1973இல், இராணுவத் தலைவர் யாகுபு கோவனின் ஆட்சியில், பல இன இளைஞர்கள் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்பதற்காக இந்தத் தேசியப் பணித் திட்டம் தொடங்கப்பட்டது. சொந்த மாநிலத்துக்கு வெளியே அனுப்புவது அதனால்தான். மாதந்தோறும் கிடைக்கும் 77,000 நைரா, டாலர் கணக்கில் 50 அளவுதான். ஆனாலும் அது உறுதியான வருமானம், இனி இந்த நிபந்தனையில் கிடைக்காத வருமானம். அவர் லாகோஸுக்கு வந்திருப்பது பெரிய வாய்ப்பு. யாபாவிலும் சுருலேரேயிலும் நல்ல பட்டறைகள் இருக்கின்றன, பலோகுன் சந்தையில் எல்லாத் துணியும் கிடைக்கும். இத்திட்டத்துக்குள்ளேயே 2012 முதல் தொழில்திறன் பயிற்சிப் பிரிவு ஒன்று இயங்குகிறது. அதில் தையலும் கற்றுத் தரப்படுகிறது. அது அறிமுகத்துக்குப் போதும், தொழிலுக்குப் போதாது. ஆகவே சனிக்கிழமைகளிலும் மாலைகளிலும் ஒரு பட்டறையில் சேரட்டும். எங்கே சேர்வது என்று தேர்ந்தெடுக்கும்போது இன்ஸ்டகிராம் படங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்தப் பட்டறையில் பயின்று வெளியேறிய இருவரைத் தேடிப்பிடித்து, இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்கட்டும். கட்டணம், காலம், எதை எதைக் கற்பிப்பார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். வாய்ப்பேச்சால் ஏமாந்தவர்களின் துயரத்தை மிக அதிகமாகக் கேட்டிருப்பதால் இதை வற்புறுத்துகிறேன்.

பணத்துக்கு வழிகள் சில உண்டு. டோனி எலுமெலு அறக்கட்டளை 2015 முதல் ஆப்பிரிக்க இளம் தொழில்முனைவோருக்குப் பயிற்சியோடு 5,000 டாலர் வழங்குகிறது. திருப்பித் தர வேண்டியதில்லை. விண்ணப்பம் ஆண்டுதோறும் ஜனவரியில் தொடங்கும். போட்டி மிகக் கடுமை என்பதால் இதை நம்பித் திட்டம் போடக்கூடாது, ஆனாலும் விண்ணப்பம் எழுதுவதே தொழிலைத் தெளிவாகச் சிந்திக்க வைக்கும். அதைவிட நம்பத்தக்கது 'அஜோ' அல்லது 'எசுசு' எனப்படும் சுழற்சிச் சேமிப்பு. நம் ஊர்ச் சீட்டுதான் அது. உங்கள் ஆலைப் பெண்களிடையே நடந்துகொண்டிருக்கும். அதில் சேர்ந்து, தம் முறை வரும்போது கிடைக்கும் தொகையில் பொறி வாங்குவது பலர் சென்ற பாதை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்: கைப்பேசிக் கடன் செயலிகள். தவணை தவறினால் கடன் வாங்கியவரின் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் அவமானச் செய்தி அனுப்பும் கொடுமை பெருகி, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் அவற்றுக்கு ஒழுங்குவிதிகள் கொண்டுவர நேர்ந்தது. விதிகள் வந்த பிறகும் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பிரிட்டன் பற்றிய தந்தையின் யோசனைக்கு என் கருத்து இது. 'ஜாப்பா' என்று இளைஞர்கள் சொல்லும் வெளிநாட்டுக் குடியேற்றம் ஒரு காலத்தில் பலருக்கு நன்றாகவே அமைந்தது. மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் இப்போதும் வழி இருக்கிறது. ஆனால் 2023 ஜூனில் நைராவின் மாற்றுவிகிதம் சந்தைக்கு விடப்பட்டபின், டாலருக்கு 460 நைரா அளவில் இருந்தது அடுத்த ஆண்டிலேயே 1,500ஐத் தாண்டியது. அதே கல்விக் கட்டணத்துக்கு மூன்று மடங்குக்கு மேல் நைரா தேவை. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்லவும் பிரிட்டன் தடைவிதித்துவிட்டது. நுண்ணுயிரியலில் ஆர்வம் இல்லாத ஒருவர் அதில் முதுநிலைப் பட்டம் பெறுவதற்காகக் குடும்பம் நிலத்தை விற்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆர்வம் இருந்தால் உதவித்தொகைக்கு முயலலாம். அது வேறு விஷயம்.

எல்லாரும் சொல்லும் இன்னொரு வழி கணினித் துறை. இணையவழிப் பணம் செலுத்தும் சேவை தரும் பேஸ்டாக் நிறுவனத்தை ஷோலா அக்கின்லாடே, எஸ்ரா ஒலுபி இருவரும் 2015இல் தொடங்கி 2020இல் ஸ்ட்ரைப் நிறுவனத்துக்கு விற்றது முதல், ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளைப் பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொள் என்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அதில் நாட்டமில்லை என்பதால் இங்கே விரிக்கவில்லை. நாட்டம் உள்ளவருக்கும் அந்த மூன்று கேள்விகளே பொருந்தும், மடிக்கணினியும் இணையமும் ஊசிநூலைவிடச் செலவு பிடிப்பவை என்ற கூடுதல் சுமையோடு.

தந்தையிடம் பேசுவது எப்படி? மகள் தனியாகப் போய்த் 'தையல்தான் என் வாழ்க்கை' என்று அறிவிப்பது சரிவராது. இக்போ குடும்பங்களில் பெரியப்பாவோ தாய்மாமனோ ஒருவர் உடனிருந்து பேசினால் அந்தப் பேச்சுக்கே எடை வேறு. மகள் ஒரு தாளோடு போகட்டும். அதில் பணியாண்டு முடிந்தபின் ஓராண்டு எங்கே சம்பளத்துக்கு இருப்பார், எந்தப் பட்டறையில் எந்த நாட்களில் பயில்வார், எவ்வளவு சேமிப்பார், எந்த மாதத்தில் கணக்குப் பார்ப்பார், அப்போது அயலாரிடமிருந்து வரும் தையல் வருமானம் சம்பளத்தின் பாதியை எட்டவில்லையென்றால் என்ன செய்வார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். நுண்ணுயிரியல் பட்டத்தைக் கைவிடவில்லை, அதைக்கொண்டே அந்த ஓராண்டுக்குச் சோறு வருகிறது என்பது ஆசிரியராக இருந்த ஒருவருக்குப் புரியும். 'தையற்காரியா?' என்று ஊரார் கேட்பார்களே என்ற வருத்தம் அவருக்குள் இருக்கலாம். அதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. அவருக்கே ஒரு நல்ல அங்கி தைத்து, ஊர்க் கூட்டத்துக்கு அணிந்து போகும்படி கொடுக்கலாம்.

கடைசியாக உங்கள் பங்கு. ஒரு வெளிநாட்டு மேலதிகாரியின் சொல்லுக்கு அங்கே தேவைக்கு அதிகமான மதிப்பு இருக்கிறது. நீங்கள் யோசிக்காமல் சொல்லும் ஒரு வாக்கியத்தை வைத்து அவர் வாழ்க்கையைத் திருப்பிவிடக்கூடும். எனவே அறிவுரையைக் குறைத்து, உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். பணியாண்டு முடிந்ததும் அவரை ஆய்வகத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று நிர்வாகத்திடம் இப்போதே கேளுங்கள். ஐந்தாம் மாதத்தில் கேட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்திருப்பார். பணி நேரத்தைக் காலை முறைக்கு மாற்றிக் கொடுத்தால் மாலையில் பட்டறைக்குப் போக முடியும். லாகோஸ் போக்குவரத்தில் அப்படி மிச்சமாகும் நேரம் எவ்வளவு பெரிது என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, உங்கள் ஆய்வகத்துக்கு ஆண்டுதோறும் வெள்ளை மேலங்கிகள் வாங்குவீர்கள். அதில் இருபது அங்கிகளை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். சந்தை விலை, பாதி முன்பணம், எழுத்தில் தேதி. சலுகை எதுவும் வேண்டாம். இருபது ஆட்களின் அளவெடுத்து, ஒரே தரத்தில் தையலிட்டு, வேலையையும் பார்த்துக்கொண்டு, சொன்ன நாளில் கொண்டுவந்து வைத்தால், தந்தையிடம் காட்டும் தாளில் முதல் வரியாக அந்த ரசீதை ஒட்டச் சொல்லுங்கள். தேதி தவறினால் கோபிக்காமல் உட்கார வைத்து, எது தடுத்தது என்று கேளுங்கள்: கை வேகம் போதவில்லையா, மின்சாரமா, உதவிக்கு ஆளில்லையா. எது குறைந்ததோ அதைச் சரிசெய்ய எத்தனை மாதமாகும் என்று பார்த்து, ஒப்பந்தக் காலத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.